நன்றிக் கடன் யாருக்கு? செனரத் மன்னன் கதையும் மட்டக்களப்பின் கதவும்

பத்தாம் ஆண்டு படிக்கும்போது சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதலிடம் கிடைத்தது. பேச்சை எழுதித் தந்தது ஒரு சேர். நான் மனப்பாடம் பண்ணினேன். அதில் ஒரு இடம் வரும்: போர்த்துக்கேயர் முஸ்லிம்களைக் கரையோரத்திலிருந்து துரத்தினார்கள், போக்கிடம் இல்லாமல் நின்ற எங்கள் மூதாதையரைக் கண்டி மன்னன் செனரத் அணைத்துக்கொண்டான், நாலாயிரம் பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான், அந்த நன்றியை நாங்கள் ஒருநாளும் மறக்கமாட்டோம். அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, கையை நெஞ்சில் வைக்கவேண்டும் என்று சேர் சொல்லித் தந்திருந்தார். வைத்தேன். கைதட்டல் விழுந்தது. பிரதம அதிதிக்குக் கண் கலங்கியது.

பன்னிரண்டு வருஷம் கழித்து, போன மாதம், என் சின்னம்மாவின் மகள் அதே பேச்சோடு வந்து நிற்கிறாள். "நானா, கொஞ்சம் திருத்தித் தாங்க" என்கிறாள். ஆளும் மாறி, பள்ளிக்கூடமும் மாறிவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை. நாலாயிரம் அதே நாலாயிரம், நெஞ்சில் கை அதே கை.

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சுக்கு எதிரானது. செனரத்துக்கு எதிரானது இல்லை. அவர் செய்ததைச் செய்தார், அதில் நல்லதும் இருந்தது. என் பிரச்சினை, அந்தக் கதையை நாங்கள் சொல்கிற விதம். ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும், ஒவ்வொரு முறை எங்கள் மேல் சந்தேகம் விழும்போதும், சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டை எடுக்கிற மாதிரி இந்தக் கதையை எடுத்து நீட்டுகிறோம். "பாருங்க, உங்கட ராஜாதான் எங்களை வைச்சிருந்தார்." இதை விசுவாசம் என்று நினைக்கிறோம். உண்மையில் நாங்கள் சொல்வது, "இது உங்கட வீடு, நாங்க விருந்தாளி" என்பதுதான். விருந்தாளியிடம் எப்போது வேண்டுமானாலும் "எப்ப போறீங்க?" என்று கேட்கலாம். கேட்கிறார்கள்.

சரி, அப்படியென்றால் உண்மையில் என்ன நடந்தது?

மூன்று திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

பாடப்புத்தகத்தில் 1626 மட்டும் தனியாக நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வருஷங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

1624இல் போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டினார்கள். 1626இல் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்பில் வைத்தார். 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்புக்கே வந்து புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள்.

இப்போது ஒரு கேள்வி. கண்டி இராச்சியம் பெரிய நிலம். காடு இருந்தது, மலை இருந்தது, ஊவா இருந்தது, வெல்லஸ்ஸ இருந்தது. முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் மலைநாட்டுக்குள்ளும் போய்க் குடியேறினார்கள், அது வேறு கதை. ஆனால் இவ்வளவு பெரிய கூட்டத்தை ஏன் குறிப்பாக மட்டக்களப்பில் வைக்கவேண்டும்?

இந்த நாலாயிரம் என்ற எண்ணிக்கை எங்களுக்குக் கிடைப்பது குவைறோஸ் என்ற யேசுசபைப் பாதிரியார் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவில் இருந்து எழுதிய பெருநூலில்தான். அவர் போர்த்துக்கேயர் பக்கத்து ஆள். எங்களுக்கோ கண்டிக்கோ நல்ல பெயர் வாங்கித் தரவேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவர் இந்தக் குடியேற்றத்தைக் காவல்படை வைத்த கணக்கில் எழுதுகிறார். நாங்கள் எங்கள் பேச்சுகளில் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வாசல் ஒன்று அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு வாசல். அந்த வாசலில் ஆள் நிறுத்துகிறான் ஒரு அரசன். போர்த்துக்கேயரின் வாளால் காயப்பட்டவனை விடப் போர்த்துக்கேயரை எதிர்க்க நம்பிக்கையான ஆள் வேறு யார்? இரண்டு வருஷத்தில் எதிரி அதே வாசலுக்கு வந்து கோட்டை கட்டியதே செனரத்தின் கணக்கு எவ்வளவு சரி என்பதற்குச் சாட்சி.

இதில் கருணை இல்லை என்று நான் சொல்லவில்லை. கருணையோடு கணக்கும் இருந்தது என்கிறேன். கணக்கு என்றால் இரண்டு பக்கமும் ஏதோ கொடுத்து ஏதோ வாங்கியிருக்கிறது. அது உடன்பாடு. பிச்சை இல்லை.

மலைக்கு மேலே இருக்கிறவனுக்கு உப்பு எங்கே இருந்து வரும்?

செனரத்துக்கு முன்னால் போவோம். ஏனென்றால் பெரிய பொய் அங்கேதான் இருக்கிறது: மட்டக்களப்பு ஒரு வெறும் நிலம், கண்டி மன்னன் ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பினான் என்கிற மாதிரியான ஒரு படம்.

மட்டக்களப்பு வெறும் நிலமாக இருக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கலிங்க மாகன் படையெடுத்து வந்து பொலன்னறுவை ஆட்டம் கண்ட பிறகு, வடக்கிலும் கிழக்கிலும் சின்னச் சின்ன வன்னிமைகள் எழுந்தன. கிழக்குக் கரையில் முக்குவர் தலைவர்கள் கையில் மட்டக்களப்பு வந்தது. பழுகாமம், சம்மாந்துறை, ஏறாவூர், எருவில், போரதீவு, மண்முனை, எங்கள் ஊர் கிடக்கிற கரைவாகு, இப்படிப் பற்றுப் பற்றாகப் பிரிந்த நிலம். தனக்கென்று வழமைச் சட்டம் இருந்தது. கொக்கட்டிச்சோலை, திருக்கோவில் என்று தேசத்துக்கோவில்கள் இருந்தன; யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு எந்த ஊழியம் என்று கோயிலிலேயே அரசியல் எழுதிவைத்திருந்தார்கள். மன்னன் என்று சொல்லிக்கொள்ளப் பெரிய முடி இல்லை. ஆனால் வயல் இருந்தது, வாவி இருந்தது, கடல் இருந்தது.

கண்டியிடம் என்ன இருந்தது? கறுவா, மிளகு, பாக்கு, இரத்தினக்கல், யானை. எல்லாம் விற்கிற பொருள். ஆனால் விற்க வாசல் வேண்டும். என்ன இல்லை? உப்பு இல்லை. கருவாடு இல்லை. உடுக்கிற துணியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வரவேண்டும். மேற்கிலும் தெற்கிலும் கொழும்பு, காலி எல்லாம் போர்த்துக்கேயர் கையில். மிச்சமிருந்தது கிழக்கு: கொட்டியாரமும் மட்டக்களப்பும்.

இந்தப் பொருட்களை மலைக்கு ஏற்றினது யார்? தவளம். பொதிமாட்டுக் கூட்டத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏறும், மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கும். கண்டி அரசில் இந்தப் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே "மடிகே பத்த" என்று ஒரு திணைக்களம் இருந்தது. அதில் பெரும்பங்கு முஸ்லிம்களுடையது. ஒரு அரசின் வயிற்றுக்குள் போகிற உப்பைச் சுமக்கிறவன் அந்த அரசுக்கு விருந்தாளியா?

மருதமுனைக்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தறியில் இருந்தவனுக்குத் தெரியும். சாறனில் எல்லாரும் பார்ப்பது கட்டத்தையும் கரையையும்தான். பாவு நூலை யாரும் பார்ப்பதில்லை. பாவு அறுந்தால்தான் அது இருந்தது தெரியும்.

1602: கதவைத் தட்டினவன் எங்கே தட்டினான்?

1602 மே மாதக் கடைசியில் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தன் கப்பலோடு வந்து நங்கூரம் போட்டது மட்டக்களப்புக் கரையில். கண்டி அரசனைப் பார்க்க வந்தவன் முதலில் பார்த்தது மட்டக்களப்புத் தலைவனை. இங்கே அவனை யாரும் உடனே நம்பவில்லை. வெள்ளைத்தோல் என்றால் போர்த்துக்கேயன் என்றுதானே அன்றைக்குப் பழக்கம். விசாரித்து, பேசி, காத்திருக்க வைத்து, பிறகுதான் மலைக்குப் போகும் வழி திறந்தது. விந்தனைப் பக்கமாக ஏறி ஜூலையில் கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தான்.

பாடப்புத்தகத்தில் அந்தக் கைகுலுக்கல் படம் இருக்கும். அரசனும் ஒல்லாந்தனும் கை கொடுத்து நிற்பார்கள். மட்டக்களப்பு அந்தப் படத்தில் இல்லை. ஆனால் அந்தச் சந்திப்பு நடக்குமா, நடக்காதா, எப்போது நடக்கும் என்பதற்கு முதல் சொல் இந்தக் கரையில்தான் சொல்லப்பட்டது.

அடுத்த வருஷம் இன்னொரு ஒல்லாந்தக் கடற்தளபதி வந்தான், செபால்ட் டி வேர்ட். காலியைப் போர்த்துக்கேயரிடமிருந்து சேர்ந்து பிடிப்பது என்று ஏற்பாடு. அரசனே மலையிலிருந்து இறங்கி மட்டக்களப்புக்கு வந்தான். பிடிபட்ட போர்த்துக்கேயரை டி வேர்ட் விட்டுவிட்டதில் அரசனுக்குச் சந்தேகம், பேச்சு முற்றி, டி வேர்ட்டும் அவனுடைய ஆட்கள் கிட்டத்தட்ட ஐம்பது பேரும் கொல்லப்பட்டார்கள். பெரிய அரசு ஒன்றின் வெளிநாட்டுக் கொள்கை செய்யப்பட்டதும் உடைந்ததும் இந்தக் கடற்கரையில்.

இதற்குப் பிறகு செனரத் காலத்தில் கண்டியில் கூடிய பெரும் சபை ஒன்றைப் பற்றி ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ் எழுதியிருக்கிறார். அரச குடும்பத்தின் எதிர்காலம், போர், எல்லாம் பேசிய சபை. அங்கே உட்கார்ந்திருந்த பிரதானிகளின் பட்டியலில் கொட்டியாரம், மட்டக்களப்பு, பழுகாமம் தலைவர்களும் வருகிறார்கள். சும்மா கப்பம் கட்டிவிட்டு வெளியில் நின்ற ஆட்கள் இல்லை. உள்ளே இருந்து வாய் திறந்த ஆட்கள்.

கதவு அடைபட்டபோது

ஒரு சின்ன நிலத்தின் செல்வாக்கை அளக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் போனபோது பெரிய நிலத்துக்கு என்ன நடந்தது என்று பார்ப்பது.

1628இல் மட்டக்களப்பும் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. எட்டு வருஷத்துக்குப் பிறகு, 1636இல், இரண்டாம் இராஜசிங்கன் பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்தருக்கு உதவி கேட்டு ஒரு கடிதம் எழுதினான். கொண்டுபோனது ஒரு பிராமணத் தூதன். எல்லாத் துறையிலும் போர்த்துக்கேயர் நின்றதால் அந்த ஒரு கடிதத்தை நாட்டை விட்டு வெளியே எடுக்கவே மாதக்கணக்கானது. யோசியுங்கள். யானைப்படை வைத்திருக்கிற அரசன், ஒரு ஓலைத்துண்டைக் கடலுக்கு அப்பால் அனுப்ப முடியாமல் நிற்கிறான்.

1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை இராஜசிங்கன் அழித்தான். படைத்தலைவன் தியோகு டி மெலோவும் அங்கேயே விழுந்தான். அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு அடுத்த அடி எங்கே விழுந்தது? மட்டக்களப்பில். மே 18இல் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் கண்டிப் படையும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து, மே 23இல், கண்டிக்கும் ஒல்லாந்தருக்கும் ஒப்பந்தம். அதுவும் மட்டக்களப்பில்.

அந்த ஒப்பந்தத்தில்தான் அந்தப் பிரபலமான தில்லுமுல்லு இருக்கிறது. பிடிக்கிற கோட்டைகளில் அரசன் விரும்பினால் மட்டும் ஒல்லாந்தப் படை நிற்கலாம் என்கிற சொற்கள் ஒரு பிரதியில் இருக்கும், மற்றதில் இருக்காது. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களத்தில் ஒரு பழமொழி சொல்வார்கள், போர்த்துக்கேயரை அனுப்பிவிட்டு ஒல்லாந்தரை எடுத்ததைத்தான்.

பிறகு என்ன ஆனது? ஒல்லாந்தர் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார்கள். 1766 ஒப்பந்தத்தில் நாட்டைச் சுற்றி முழுக் கரையும் அவர்களுடையதானது. அதற்குப் பிறகு கண்டி என்பது நாலு பக்கமும் அடைத்த வீடு. உப்புக்கும் ஒல்லாந்தனின் சம்மதம் வேண்டும். சரியாக 49 வருஷத்தில், 1815இல், கண்டி விழுந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு: பிரதானிகளின் பகை, ஆங்கிலேயரின் சூழ்ச்சி. ஆனால் கடல் இல்லாத அரசு மூச்சில்லாத உடம்பு. மட்டக்களப்பும் கொட்டியாரமும் போன அன்றைக்கே அந்த மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது.

"ஆனா மட்டக்களப்பு கண்டிக்குக் கீழதானே இருந்தது?"

இதை எழுதிக்கொண்டிருந்தபோது கூட்டாளி ஒருவன் கேட்டான். "மச்சான், நீ என்னதான் சொன்னாலும் மட்டக்களப்பு கண்டிக்குத் திறை கட்டின இடம். கீழ இருந்தவன் மேல இருந்தவனை ஆட்டிவைச்சான் எண்டு எழுதினா சிரிப்பாங்க."

நியாயமான கேள்வி. அதிகாரம் வேறு, செல்வாக்கு வேறு என்பதுதான் பதில். திறை கட்டுகிறவன் பலவீனமானவன் என்று அர்த்தம் இல்லை. வெனிஸ் என்ற சின்ன நகரம் ஒரு காலத்தில் பைசாந்திய சக்கரவர்த்தியைப் பெயரளவில் மேலே வைத்திருந்தது. அந்தச் சக்கரவர்த்தியின் வணிகம் வெனிஸின் கப்பலில் போனது, 1204இல் கொன்ஸ்தாந்திநோப்பிளை வீழ்த்திய படையைச் சுமந்து போனதும் வெனிஸின் கப்பல்தான். தூரம் போகவேண்டாம். பதினான்காம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் நிலம் எவ்வளவு சின்னது? 1344இல் இபுனு பதூதா வந்தபோது முத்தும் கப்பலும் கையில் வைத்திருந்த அந்த அரசனின் விருந்தாளியாகத்தான் பாவா ஆதம் மலைக்குப் போனார். கேகாலைப் பக்கத்து கோட்டகமவில் சிங்கை ஆரியனைப் புகழ்கிற தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அழகேஸ்வரன் எழுந்து அடிக்கும்வரை தெற்கே இருந்த பெரிய அரசிடம் வரி வாங்கியது அந்தச் சின்ன அரசு. ஆக, வரைபடத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை வைத்து வரலாற்றை அளக்கமுடியாது. எந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லுமுன். மட்டக்களப்பு வன்னிமை பொற்காலம் இல்லை. போடியாருக்குக் கீழே முல்லைக்காரன் உழைத்தான். சாதி இருந்தது, கோயில் மரியாதை எல்லாருக்கும் கிடைக்கவில்லை, சிறைகுடி என்று அடிமைப்பட்ட மக்கள் இருந்தார்கள். தலைவர்கள் எல்லாரும் வீரர்களும் இல்லை, தங்கள் வயலையும் பதவியையும் காப்பாற்ற எந்தப் பக்கம் காற்று அடித்ததோ அந்தப் பக்கம் சாய்ந்தவர்களும் உண்டு. போர்த்துக்கேயன் நுழைந்ததும் இந்த வாசலால்தான், ஒல்லாந்தன் நுழைந்ததும் இதே வாசலால்தான். செல்வாக்கு என்பது எப்போதும் நல்லதாக இருக்காது. ஆனால் இருந்தது. அதை இல்லை என்று எழுதுவதுதான் பொய்.

மூத்தம்மாவின் வளவு

நாலாயிரம் பேர் கதையின் இன்னொரு சிக்கல், அதற்கு முன்னால் இங்கே முஸ்லிம்களே இல்லை என்கிற மாதிரி அது முடிகிறது.

நான் முதலிடம் எடுத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து மூத்தம்மாவிடம் பேச்சை முழுக்கச் சொல்லிக் காட்டினேன். நெஞ்சில் கை வைத்தேன். அவ வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டா. முடிந்ததும் ஒரு கேள்விதான்: "ஏன்டா மனே, ராசா குடுத்த வளவு எண்டா அது ஆம்புளைக்குத்தானே குடுத்திருப்பான்? இந்த வளவு எனக்கு எங்கட உம்மா தந்தது. அவவுக்கு அவட உம்மா தந்தது. அப்ப அந்த ராசா எங்க வந்தான்?"

அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்குச் சிரிக்கமாட்டேன். அந்தக் கேள்வியில் இருக்கிற வரலாறு என் பேச்சில் இல்லை.

கிழக்கு முஸ்லிம்களின் குடி தாய்வழியாகப் போகிறது. வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் என்று வைத்திருந்தார்கள். இந்த அமைப்பு அரபு நாட்டிலிருந்து வரவில்லை. கண்டியிலிருந்தும் வரவில்லை. இதன் இரட்டைப்பிள்ளை பக்கத்து ஊரில், களுவாஞ்சிக்குடியிலும் பழுகாமத்திலும் கொக்கட்டிச்சோலையிலும் தமிழர்களிடம் இருக்கிறது. முக்குவர் சட்டத்தின் அடிப்படையும் இதேதான். பல வருஷம் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இரு சமூகங்களின் இந்தக் குடி அமைப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறார்.

அகதியாக வந்து இறங்கின ஒரு படை, ஒரு அரசன் காட்டின இடத்தில் கூடாரம் போட்டிருந்தால், இப்படி ஒரு குடும்ப அமைப்பு வராது. இது திருமணத்தால் வருகிறது. நிலத்துக்குள், வயலுக்குள், பெண்களின் வளவுக்குள் தலைமுறை தலைமுறையாகக் கலந்தால்தான் வரும். ஏறாவூர்ப் பக்கம் சொல்கிற பழைய கதையும் இதைத்தான் சொல்கிறது: திமிலருக்கும் முக்குவருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்றார்கள், பதிலுக்குப் பெண்ணும் மண்ணும் கிடைத்தது. கதை கதைதான், திகதி போட்டுச் சாதிக்க முடியாது. ஆனால் அந்தக் கதையை இரண்டு சமூகமும் சொல்கிறது. அதில் கொடுக்கிறவன் கண்டி அரசன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன்.

இங்கேதான் இன்னொரு கூட்டத்தோடும் எனக்குச் சண்டை. "நாங்க அரபு வம்சம், எங்களுக்கும் இந்த மண்ணுக் கதைக்கும் சம்பந்தம் இல்ல" என்கிறவர்கள். குடியைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், ஜாஹிலியத் என்கிறார்கள். குடி பார்த்துப் பெருமை பேசுவதை விட்டுவிடுங்கள், அது சரி. ஆனால் குடி என்பது உங்கள் மூத்தம்மா கையில் வைத்திருந்த வரலாற்று ஆவணம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு "நாங்க எப்ப வந்தோம்?" என்று குவைறோஸிடம் போய்க் கேட்கிறீர்கள்.

மூன்றாவது கூட்டமும் உண்டு. தமிழ் வரலாறு என்றால் நல்லூரோடு தொடங்கி நல்லூரோடு முடிக்கிறவர்கள். அவர்களுக்கும் மட்டக்களப்பு ஒரு பின்னிணைப்பு. கண்டியை மையமாக வைத்தாலும் சரி, நல்லூரை மையமாக வைத்தாலும் சரி, மக்காவை மையமாக வைத்தாலும் சரி, நாங்கள் இருக்கிற இடம் எப்போதும் ஓரமாகவே வருகிறது. ஓரத்தில் இருந்து எழுதினால்தான் அது வாசல் என்று தெரியும்.

இதெல்லாம் இன்றைக்கு எதுக்கு?

"பழைய கதையைத் தோண்டி என்ன பிரயோசனம்?" என்று கேட்கிறவர்கள், ஒரு நாள் கையெழுத்து ஒன்று வாங்க அம்பாறைக் கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள்.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. உள்நாட்டில் குடியேற்றங்கள் வந்தன. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்கை வெட்டி அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். தலைநகரம் உள்ளே போனது, கடற்கரை ஓரமானது. தமிழ் பேசுகிற கரையோரத்துக்குத் தனி நிர்வாக மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல தேர்தல்களைக் கண்டுவிட்டது. அந்தக் கோரிக்கை சரியா பிழையா, கல்முனைக்குள்ளேயே தமிழரும் முஸ்லிமும் பிரதேச செயலகத்துக்காகப் பிடிக்கிற சண்டை எங்கே போய் முடியும், இதெல்லாம் வேறு கட்டுரைக்குரியது. நான் சொல்வது ஒன்றுதான். இந்தக் கோரிக்கை மேசைக்கு வரும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பேசுகிறவர்கள் அடிப்படையில் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: "நாங்கள் தந்த இடத்தில் இருந்துகொண்டு நீங்கள் பங்கு கேட்கிறீர்கள்." அந்த வசனத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது நாங்கள். சுதந்திர தின மேடையில், நெஞ்சில் கை வைத்து.

நாங்கள் வேறு வசனம் எழுதவேண்டும். எங்கள் கையில் சான்று இல்லாமல் இல்லை. பெட்டிக்கு அடியில் கிடக்கிற பழைய காணி உறுதிகளில் வட்டைகளின் பழைய பெயர்கள் இருக்கின்றன, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இருக்கிறது. பழைய பள்ளிவாசல் கொப்பிகளில் குடிப்பெயர்கள் இருக்கின்றன. தவளம் போன பாதைகளில் சிலதில் இன்றைக்கு பஸ் போகிறது. பழைய ஆட்களிடம் கேட்டால் எந்த இடத்தில் மாடு அவிழ்த்துக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். 2004 கடல் எங்கள் ஊரில் எத்தனை பெட்டியை, எத்தனை உறுதியை, எத்தனை மூத்தம்மாக்களைக் கொண்டுபோனது என்று உங்களுக்குத் தெரியும். மிச்சம் இருக்கிறதை எடுத்துப் படம் பிடியுங்கள், எழுதுங்கள், பக்கத்துத் தமிழ் ஊரில் இருக்கிற கூட்டாளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிக் கதை அவன் வீட்டில் இருக்கிறது. அவனுடைய பாதி எங்கள் வீட்டில்.

தங்கச்சியின் பேச்சைத் திருத்திக் கொடுத்தேன். செனரத்தை எடுக்கவில்லை. 1624ஐயும் 1628ஐயும் இரண்டு பக்கத்திலும் சேர்த்தேன். தவளத்தைச் சேர்த்தேன். மூத்தம்மாவின் வளவைச் சேர்த்தேன். வாசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நானா, ராசாவுக்கு நன்றி சொல்லக்கூடாதா?"

"சொல்லு," என்றேன். "ஆனா எங்களுக்கும் வரவேண்டிய நன்றி இருக்கு எண்டு சேத்துச் சொல்லு."

"அந்த இடத்தில கை எங்க வைக்கிறது?"

கையைக் கீழேயே விடச் சொன்னேன். அவளுக்கு முதலிடம் கிடைக்கவில்லை. மூன்றாமிடம். ஆனால் போட்டி முடிந்து இறங்கும்போது இரண்டு பிள்ளைகள் வந்து தவளம் என்றால் என்ன என்று கேட்டார்களாம்.